லினக்ஸ் கெர்னலில் எதை வைப்பது, எதை விடுவது: முதன்முறை கம்பைல் செய்பவர்களுக்கான வழிகாட்டி

உபுண்டு, டெபியன், ஃபெடோரா ஆகிய வழங்கல்களில் ஒன்றை நிறுவும்போது உடன் வரும் லினக்ஸ் கெர்னல், அதாவது வன்பொருளுக்கும் மற்ற நிரல்களுக்கும் நடுவில் நிற்கும் மைய நிரல், உங்கள் கணினியை மட்டும் மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது அன்று. பத்தாண்டுப் பழைய மடிக்கணினியிலும், நேற்று வாங்கிய சர்வரிலும், மெய்நிகர் கணினியிலும் அதே கெர்னல் துவங்கியாக வேண்டும். அதனால் அதைத் தயாரிப்பவர்கள் கிடைக்கக்கூடிய ஏறத்தாழ எல்லா டிரைவர்களையும் (வன்பொருள்களை இயக்கும் நிரல்களையும்) சேர்த்தே அனுப்புகிறார்கள். இதற்கு நேர் எதிரில், தேவையானதை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற அனைத்தையும் நீக்கிய சிற்றுருக் கெர்னல் இருக்கிறது. இவ்விரண்டுக்கும் நடுவில் தமக்குப் பொருந்தும் இடம் எது என்பதைப் புதியவர் ஒருவர் எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைப் படிப்படியாகச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கட்டளைப் பெயர்களையும் தெரிவுப் பெயர்களையும் ஒலிப்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். கெர்னல் மூலநிரல் அடைவுக்குள் சென்று 'மேக் ஹெல்ப்' என்று கொடுத்தால், இங்கே குறிப்பிடும் கான்ஃபிக் கட்டளைகளில் பெரும்பாலானவற்றின் சரியான எழுத்துவடிவம் திரையிலேயே கிடைத்துவிடும்.

எதற்காகக் குறைக்கிறீர்கள்?

இந்தக் கேள்விக்கு விடை இல்லாமல் வேலையைத் தொடங்க வேண்டாம். நினைவகம் மிச்சமாகும் என்பதற்காகவே பலர் கெர்னலைச் சிறிதாக்க வருகிறார்கள். எட்டு கிகாபைட் நினைவகம் கொண்ட மடிக்கணினியில் அந்த மிச்சம் சில மெகாபைட்டுகளே. உலாவியில் ஒரு பக்கத்தைத் திறந்தால் அது கரைந்துவிடும். டிரைவர்களில் பெரும்பகுதி தனி மாட்யூல்களாக வட்டில் கிடப்பவை என்பதும், அவற்றுக்குரிய வன்பொருள் இல்லாதவரை அவை நினைவகத்துக்குள் ஏறுவதே இல்லை என்பதும் இதற்குக் காரணம்.

நினைவகச் சிக்கனம் உண்மையிலேயே உயிர்நாடியாக இருக்கும் இடம் வேறு. ரவுட்டர்களுக்கான லினக்ஸ் வழங்கலான ஓப்பன்டபிள்யூஆர்டி திட்டம், 4 மெகாபைட் ஃபிளாஷும் 32 மெகாபைட் நினைவகமும் கொண்ட பழைய ரவுட்டர்களுக்கான ஆதரவை 19.07 பதிப்புடன் நிறுத்திக்கொள்ள வேண்டியதாயிற்று. கெர்னல் வளர வளர, அந்தச் சிறு பெட்டிக்குள் அதை அடக்கிவிட்டு மற்ற வேலைகளுக்கும் இடம் விடுவது இயலாமற் போயிற்று. அத்தகைய கருவிகளுக்கு ஒவ்வொரு நூறு கிலோபைட்டும் கணக்கில் வரும்.

மேசைக் கணினியிலோ சர்வரிலோ கெர்னலைக் குறைப்பதற்கு என் மதிப்பில் தகுந்த காரணங்கள் இரண்டு. முதலாவது, கம்பைல் செய்ய, அதாவது மூலநிரலை இயங்கும் நிரலாக மாற்ற, ஆகும் நேரம். வழங்கலின் முழு அமைவை (எவற்றைச் சேர்ப்பது என்னும் கான்ஃபிக் பட்டியலை) ஒரு சாதாரண மடிக்கணினியில் கம்பைல் செய்தால் மணிக்கணக்கில் ஓடும். உங்கள் வன்பொருளுக்கு மட்டும் சுருக்கிய அமைவு நிமிடக் கணக்கில் முடியும். கெர்னல் நிரலில் ஒரு பிழையைத் தேடி மீண்டும் மீண்டும் கம்பைல் செய்பவருக்கு இந்த வேறுபாடு மிகப் பெரியது.

இரண்டாவது காரணம் பாதுகாப்பு. டிசிசிபி என்னும் வலையமைப்பு நெறிமுறை 2005இல் லினக்ஸில் சேர்க்கப்பட்டது. அதைப் பயன்படுத்தியவர்கள் மிகச் சிலரே. ஆயினும் அதன் நிரலில் பல ஆண்டுகளாக உறங்கிக்கிடந்து 2017இல் வெளிப்பட்ட ஒரு குறை, சாதாரணப் பயனர் ஒருவர் கணினியின் முழுக் கட்டுப்பாடான ரூட் அதிகாரம் பெற வழிவிட்டது. அந்த மாட்யூல் முன்கூட்டியே ஏற்றப்பட்டிருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. ஒரு நிரல் அந்த வகை சாக்கெட்டை (வலையமைப்பு இணைப்பு முனையை) கேட்ட மாத்திரத்தில் கெர்னல் தானாகவே வட்டிலிருந்து மாட்யூலை எடுத்து ஏற்றிக்கொள்ளும். நாம் ஒருபோதும் பயன்படுத்தாத நிரலும் நம் கணினியின் கதவுகளில் ஒன்றுதான் என்பதை இந்நிகழ்வு எனக்கு அழுத்தமாகப் புரியவைத்தது.

ஒய், எம், என்

லினக்ஸ் கெர்னலில் தேர்ந்தெடுக்கக்கூடிய தெரிவுகள் 15,000க்கும் மேல் உள்ளன. 'மேக் மெனுகான்ஃபிக்' என்று கொடுத்துப் பட்டியலைத் திறந்தவுடன் புதியவர் மலைத்துப் போவது இயல்பே. ஆனால் டிரைவர்களைப் பொறுத்தவரை நீங்கள் சொல்ல வேண்டிய விடை மூன்றில் ஒன்றுதான். 'ஒய்' என்றால் அந்த நிரல் கெர்னல் கோப்புக்குள்ளேயே பிணைக்கப்படும். 'எம்' என்றால் தனி மாட்யூலாக வட்டில் இருந்து, தேவைப்படும்போது ஏறும். 'என்' என்றால் அது கம்பைலே செய்யப்படாது.

சிற்றுரு, முழுவுரு என்று இரு கட்சிகளாகப் பிரித்துப் பேசும்போது நடுவில் உள்ள இந்த 'எம்' மறக்கப்படுகிறது. சமநிலை என்பது பெரும்பாலும் இந்த 'எம்'மைச் சரியாகப் பயன்படுத்துவதே. நான் பின்பற்றும் முறை இது: ரூட் கோப்பு முறைமை, அதாவது இயங்குதளத்தின் கோப்புகள் இருக்கும் முதன்மைக் கோப்பு முறைமை, கைக்கு வருவதற்கு முன்பே தேவைப்படுபவற்றை ஒய் ஆக்குகிறேன், என்றாவது ஒருநாள் கணினியில் செருகப்படக்கூடியவற்றை எம் ஆக்குகிறேன், ஒருபோதும் வரக் கூடாதவற்றை 'என்' ஆக்குகிறேன்.

முதல் வகையைச் சற்று விளக்க வேண்டும். கெர்னல் துவங்கியதும் ரூட் கோப்பு முறைமையை ஏற்ற வேண்டும். உங்கள் வட்டு என்விஎம்இ வகையாகவும் கோப்பு முறைமை எக்ஸ்ட்4 ஆகவும் இருந்தால், அந்த இரண்டின் நிரலும் அந்நேரத்தில் கெர்னலின் கையில் இருந்தாக வேண்டும். அவை வட்டிலேயே மாட்யூலாகக் கிடந்தால், பெட்டியின் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதையாகிவிடும். வழங்கல்கள் இதற்கு இனிட்ராம்எஃப்எஸ் என்ற தற்காலிகக் கோப்பு முறைமையைத் தயாரித்து, தேவையான மாட்யூல்களை அதில் வைத்து, கெர்னலோடு சேர்த்தே நினைவகத்தில் ஏற்றுகின்றன. இனிட்ராம்எஃப்எஸ் இன்றித் துவங்க விரும்புபவர் அந்த இரண்டையும் ஒய் ஆக்குவதோடு இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கெர்னலுக்குத் துவக்கத்தில் தரப்படும் துவக்க வரியில் ரூட்டைக் குறிக்கும் இடத்தில் கோப்பு முறைமையின் அடையாள எண்ணான யுயுஐடியைக் கொடுத்தால் கெர்னலால் தனியாக அதைக் கண்டுபிடிக்க இயலாது. பகிர்வின் அடையாளமான பார்ட்யுயுஐடியைக் கொடுத்தால் இயலும். வட்டு குறியாக்கம் செய்யப்பட்டிருந்தாலோ வட்டுப் பகிர்வுகளை நிர்வகிக்கும் எல்விஎம்மில் இருந்தாலோ அதைத் திறப்பதற்கே வெளி நிரல்கள் வேண்டும் என்பதால், நடைமுறையில் இனிட்ராம்எஃப்எஸ்ஸை விட முடியாது.

அப்படியானால் எல்லாவற்றையும் ஒய் ஆக்கிவிட்டால் பாதுகாப்புத்தானே என்று தோன்றலாம். கிராபிக்ஸ், வைஃபை டிரைவர்களில் இது எதிர்விளைவு தரும். இவற்றுக்குத் தனி ஃபர்ம்வேர் கோப்புகள், அதாவது கருவிக்குள்ளேயே ஓடும் நிரல்கள், வேண்டும். அவை ரூட் கோப்பு முறைமையில் இருக்கும். டிரைவர் கெர்னலுக்குள் பிணைந்திருந்தால், ரூட் ஏற்றப்படும் முன்பே அது விழித்தெழுந்து ஃபர்ம்வேரைத் தேடி, கிடைக்காமல் தோற்றுவிடும். இத்தகைய டிரைவர்களை எம் என்று விடுவதே எளிய வழி.

எந்த அமைவிலிருந்து தொடங்குவது?

வெற்றுத்தாளிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போவதை, அன்றாடம் பயன்படுத்தும் கணினிக்கு நான் பரிந்துரைப்பதில்லை. வழங்கல் தந்த அமைவை எடுத்துக்கொண்டு குறைத்துக்கொண்டு வருவது எப்போதும் பத்திரமானது. அந்த அமைவு உங்கள் பூட் அடைவில் கான்ஃபிக் என்று தொடங்கி, கெர்னல் பதிப்பெண்ணில் முடியும் கோப்பாக ஏற்கெனவே இருக்கிறது.

கம்பைல் செய்வதற்கு முன், பிறர் ஏற்கெனவே வகுத்துவைத்த சமநிலை உங்களுக்குப் போதுமா என்றும் பாருங்கள். டெபியனில் மேகக் கணினிகளுக்கென 'கிளவுட்' என்ற பெயரில் தனிக் கெர்னல் தொகுப்பு உண்டு. ஆல்பைனில் மெய்நிகர் கணினிகளுக்கு 'வெர்ட்' தொகுப்பு உண்டு. ஃபெடோரா 2014இல் தன் கெர்னலை 'கோர்', 'மாட்யூல்ஸ்' என்று பிரித்தது. மெய்நிகர் கணினிக்கு முன்னது மட்டும் போதும், உண்மையான வன்பொருளுக்குப் பின்னதையும் சேர்த்து நிறுவலாம். ஒரே கம்பைலிலிருந்து சிறியதும் பெரியதும் கிடைக்கும் இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தமானது. ஒரு மெய்நிகர் சர்வருக்காக மட்டும் நீங்கள் இந்தக் கட்டுரையை வாசிக்கிறீர்கள் என்றால், இத்தொகுப்புகளில் ஒன்றை நிறுவிவிட்டு நிம்மதியாக இருக்கலாம்.

சொந்தமாகச் செய்வோம் என்று முடிவெடுத்தவர்கள் மேலே செல்லலாம். டெபியன், உபுண்டு வகையில் பில்ட்-எசென்ஷியல், ஃப்ளெக்ஸ், பைசன், பிசி ஆகியவற்றையும், ஓப்பன்எஸ்எஸ்எல், லிப்எல்ஃப், என்கர்சஸ் ஆகியவற்றின் டெவ் தொகுப்புகளையும் நிறுவிக்கொள்ளுங்கள். கெர்னல் மூலநிரலில் நீண்டகால ஆதரவுப் பதிப்பு ஒன்றை எடுப்பது புதியவருக்கு உகந்தது. சாதாரணப் பதிப்புகள் ஒன்பது, பத்து வாரங்களுக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கும்.

ஓடும் கணினியைப் பார்த்துக் குறைத்தல்

2009இல் வெளியான 2.6.32 பதிப்பில் ஸ்டீவன் ராஸ்டெட் சேர்த்த 'மேக் லோக்கல்மாட்கான்ஃபிக்' என்ற கட்டளைதான் இந்த வேலைக்கு முதுகெலும்பு. 'எல்எஸ்மாட்' காட்டும் பட்டியலை, அதாவது இந்த நொடியில் கணினியில் ஏறியிருக்கும் மாட்யூல்களை, அது பார்க்கும். அமைவில் எம் என்று இருப்பவற்றுள் இப்பட்டியலில் இல்லாதவற்றையெல்லாம் அணைத்துவிடும். ஆயிரக்கணக்கான மாட்யூல்கள் நூறு, இருநூறு என்ற அளவுக்கு இறங்கிவிடும். வழங்கல் ஏற்கெனவே ஒய் என்று வைத்தவற்றை இக்கட்டளை தொடாது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

'இந்த நொடியில்' என்ற சொல்லில்தான் கண்ணி இருக்கிறது. முதன்முதலில் இதைச் செய்தபோது நான் மேசையில் மடிக்கணினியை மட்டும் வைத்துக்கொண்டு கட்டளையைக் கொடுத்தேன். புதிய கெர்னல் அழகாகத் துவங்கியது. மூன்று நாள்கள் எந்தக் குறையும் தெரியவில்லை. நான்காம் நாள் ஒரு யுஎஸ்பி பென்டிரைவைச் செருகியபோது அது ஏற மறுத்தது. கெர்னல் பதிவை 'டிமெசேஜ்' கட்டளையால் பார்த்தால், ஃபேட் கோப்பு முறைமைக்குத் தேவையான சிபி437 என்ற எழுத்துப் பக்கம் கிடைக்கவில்லை என்று இருந்தது. விஃபேட் நிரல் இருந்தது; கோப்புப் பெயர்களை வாசிப்பதற்கு அது நம்பியிருந்த சிறிய மாட்யூல் இல்லை. அதே வாரத்தில் வீட்டு இணைய இணைப்பு நின்றுபோய், கைப்பேசியை யுஎஸ்பி வழியாக இணைத்துப் பார்த்தேன். அதற்குரிய வலையமைப்பு மாட்யூலும் இல்லை. புதிதாகக் கம்பைல் செய்யத் தேவையான ஒரு தொகுப்பை இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு அந்த மாட்யூல் வேண்டும் என்ற நிலையில், பழைய கெர்னலுக்குத் திரும்பியே வேலையை முடிக்க நேர்ந்தது.

ஆகவே அந்தக் கட்டளைக்கு முன் ஒரு மாலை நேரத்தை இதற்கென்றே ஒதுக்குங்கள். உங்களிடம் உள்ள பென்டிரைவ், வெளி வட்டு, அச்சுப்பொறி, ப்ளூடூத் காதொலிப்பான், வெப்கேம், எஸ்டி அட்டை ஆகிய ஒவ்வொன்றையும் செருகிப் பயன்படுத்துங்கள். செருகினால் மட்டும் போதாது. பென்டிரைவை ஏற்றி ஒரு கோப்பைத் திறக்க வேண்டும், வெப்கேமில் உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். கைப்பேசியை யுஎஸ்பியில் இணைத்து இணையத்தைப் பகிருங்கள். விபிஎன் பயன்படுத்துபவர்கள் அதை இயக்குங்கள். டாக்கர் பயன்படுத்துபவர்கள் ஒரு கன்டெய்னரை உண்மையாகவே ஓடவிடுங்கள். ஓவர்லே கோப்பு முறைமையும், பிரிட்ஜ், வீத் ஆகிய வலையமைப்பு மாட்யூல்களும், நெட்ஃபில்டர் விதிகளுக்குரிய பல சிறு மாட்யூல்களும் அப்போதுதான் ஏறும். ஏறிய மாட்யூல்கள் பொதுவாகக் கருவியைக் கழற்றிய பின்னும் பட்டியலில் தங்கியிருக்கும். ஆனால் கணினியை மறுதுவக்கம் செய்தால் எல்லாம் போய்விடும். ஒரு மாலை போதாது என்று நினைப்பவர்களுக்கு 'மாட்ப்ரோப்ட்-டிபி' என்ற சிறு கருவி உண்டு. வாரக்கணக்கில் ஏறும் ஒவ்வொரு மாட்யூலையும் அது குறித்துவைக்கும். அந்தக் குறிப்புக் கோப்பை 'எல்எஸ்மாட்' என்ற மாறியில் காட்டி லோக்கல்மாட்கான்ஃபிக்கை இயக்கலாம்.

அதன் பின்னும் எதிர்காலத்துக்குச் சற்று இடம் விட வேண்டும். 'எல்எம்சி_கீப்' என்ற மாறியில் அடைவுப் பெயர்களைக் கொடுத்தால் அந்த அடைவுகளில் உள்ள மாட்யூல்களைக் கட்டளை தொடாமல் விட்டுவிடும். யுஎஸ்பி டிரைவர் அடைவையும் கோப்பு முறைமை அடைவையும் நான் தவறாமல் இப்படிக் காப்பாற்றுகிறேன். நண்பர் ஒருவர் எந்த வட்டைக் கொண்டுவந்து நீட்டுவார் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. இவற்றை எம் என்று வைப்பதால் நினைவகம் செலவாவதில்லை. கம்பைல் நேரம் சிறிது கூடும், அவ்வளவே. மாறாக, யாரும் தொடாத வலையமைப்பு நெறிமுறைகளைத் தயங்காமல் 'என்' ஆக்குகிறேன்.

மெனுகான்ஃபிக்கில் கையால் திருத்தும்போது சாய்கோட்டு விசையை அழுத்தித் தேடலாம். தேடிய தெரிவு எங்கே இருக்கிறது, எவற்றை நம்பியிருக்கிறது, எது அதை இழுத்துக்கொண்டு வருகிறது என்பதெல்லாம் அங்கே தெரியும். ஒரு தெரிவு பட்டியலில் கண்ணுக்கே படவில்லை என்றால், அது நம்பியிருக்கும் வேறொன்று அணைந்திருக்கிறது என்று பொருள்.

கம்பைல் செய்து நிறுவுதல்

இந்தக் கட்டத்தில் புதியவர்களைத் தடுக்கி விழவைக்கும் கல் ஒன்று உண்டு. உபுண்டு, டெபியன் அமைவுகளில், நம்பகச் சான்றிதழ்க் கோப்பு என்ற தெரிவில் அந்த வழங்கலின் சொந்தக் கோப்புப் பாதை எழுதப்பட்டிருக்கும். அக்கோப்பு உங்கள் மூலநிரல் அடைவில் இல்லாததால் கம்பைல் பாதியில் நின்றுவிடும். அந்தத் தெரிவின் மதிப்பை வெறுமையாக்குங்கள். உபுண்டுவில் விலக்கப்பட்ட சான்றிதழ்களுக்கான தெரிவையும் அவ்வாறே செய்யுங்கள். பிழைதிருத்தத் தகவலையும் அணைத்துவிடுங்கள். கம்பைல் அடைவு பல கிகாபைட்டுகள் பெருப்பதற்கு அதுவே பெரும் காரணம். 'லோக்கல்வெர்ஷன்' தெரிவில் உங்கள் பெயரையோ தேதியையோ ஒட்டுச்சொல்லாகக் கொடுத்தால், மாட்யூல் அடைவு வழங்கலுடையதோடு மோதாமல் தனியே நிற்கும்.

டெபியன் வகையில் 'மேக் பின்டெப்-பிகேஜி' என்று கொடுத்தால் நிறுவவும் நீக்கவும் எளிதான தொகுப்புகளாகவே கெர்னல் வெளிவரும். கையொப்பமிட்ட நிரல்களை மட்டும் துவங்கவிடும் செக்யூர் பூட் இயங்கும் கணினியில், நீங்கள் கையொப்பமிட்டு அந்தச் சாவியைப் பதிவுசெய்யாத கெர்னல் துவங்காது. அதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

வழங்கலின் முழுக் கெர்னலை எக்காரணம் கொண்டும் நீக்க வேண்டாம். கெர்னலைத் துவக்கிவைக்கும் நிரலான கிரப்பின் அமைப்பில் இயல்புத் தெரிவை 'சேவ்ட்' என்று மாற்றிவிட்டு, 'கிரப்-ரீபூட்' கட்டளையால் புதிய கெர்னலை ஒரே ஒரு முறைக்கு மட்டும் தேர்ந்தெடுங்கள். அதன் துவக்க வரியில் 'பேனிக்' மதிப்பை 10 என்று கொடுத்தால், கெர்னல் நிலைகுலைந்தால் பத்து நொடியில் கணினி தானாக மறுதுவக்கமாகி, இயல்பான முழுக் கெர்னலுக்குத் திரும்பிவிடும். தொலைவில் உள்ள சர்வரில் சோதிப்பவர்களுக்கு இந்த இரண்டு வரிகள் ஓர் இரவுப் பயணத்தை மிச்சப்படுத்தும்.

சிற்றுருவின் அடியாழம்: ஒரு பயிற்சி

அன்றாடக் கணினிக்கு மேலிருந்து குறைப்பதே சரி என்றேன். ஆனாலும் கெர்னலுக்கு உண்மையில் எது இன்றியமையாதது என்பதை அறிய, அடியிலிருந்து ஒருமுறையாவது ஏறிப் பார்க்க வேண்டும். 2014இல் சேர்க்கப்பட்ட 'மேக் டைனிகான்ஃபிக்' அதற்கானது. வரும் கெர்னல் கோப்பு ஒரு மெகாபைட்டுக்கும் குறைவு. இதைக் க்யூஎமு மெய்நிகர் கணினியில் மட்டும் சோதியுங்கள்.

அதைத் துவக்கியவுடன் வெறும் கருந்திரையே தெரியும். கெர்னல் இறந்துவிட்டதா, உயிரோடு இருக்கிறதா என்று சொல்ல வழியே இல்லை. 'பிரிண்ட்கே' தெரிவும், அதாவது கெர்னல் பேசுவதற்கான வாயும், அணைக்கப்பட்டிருக்கிறது. அதையும், டிடிஒய், சீரியல் முனையம் ஆகியவற்றையும் சேர்த்தால் எழுத்துகள் ஓடத் தொடங்கும். எக்ஸ்86 கணினியில் டைனிகான்ஃபிக் 32 பிட் கெர்னலையே தரும் என்பதால் 64 பிட் தெரிவையும் இயக்க வேண்டும். இனிட்ராம்எஃப்எஸ் ஆதரவைச் சேர்த்து, அதற்குள் ஷெல் முதலிய அடிப்படைக் கட்டளைகளை ஒரே நிரலாகத் தரும் பிஸிபாக்ஸை வைத்துத் துவக்கினால், முதல் நிரலை இயக்க முடியவில்லை என்று கெர்னல் நிலைகுலையும். பிழை எண் -8 என்று இருக்கும். லினக்ஸ் நிரல்களின் வழக்கமான கோப்பு வடிவமான எல்ஃப் வடிவ நிரல்களை இயக்கும் திறனே இல்லை என்பது அதன் பொருள். அதைச் சேர்த்தபின் ஷெல்லின் தூண்டுக்குறி திரையில் தோன்றும். ஆனால் 'பிஎஸ்' என்று அடித்தால் ஓடும் நிரல்களின் பட்டியல் வராது. அந்தத் தகவலைத் தரும் ப்ராக் கோப்பு முறைமை இன்னும் சேர்க்கப்படவில்லை. இவ்வாறு ஒவ்வொரு குறையாகக் கண்டு ஒவ்வொரு தெரிவாகச் சேர்க்கும் இரண்டு மணி நேரத்தில், நாம் கவனிக்காமலே நம்பியிருந்தவை எத்தனை என்பது கண்முன் விரியும். புத்தகங்களில் வாசித்ததைவிட இந்தப் பயிற்சியில்தான் நான் கெர்னலைப் புரிந்துகொண்டேன்.

இந்தப் பயிற்சிக் கெர்னலை வலையமைப்பில் இணைத்து உண்மையான வேலைக்கு விடாதீர்கள். டைனிகான்ஃபிக், ஸ்டாக் புரொடெக்டர், செக்காம்ப் ஆகிய காப்புகளையும் மற்றவற்றோடு சேர்த்தே அணைத்துவிடுகிறது. தாக்குதலுக்கான பரப்பு குறைகிறது என்பது உண்மை. எஞ்சிய பரப்புக்குக் காவல் இல்லை என்பதும் உண்மை. கணினியின் சேவைகளைத் துவக்கும் சிஸ்டம்டியைப் பயன்படுத்தும் வழங்கல்களில் சிகுரூப், டெவ்டிஎம்பிஎஃப்எஸ், ஐநோட்டிஃபை, யுனிக்ஸ் சாக்கெட் ஆகியவை இல்லாவிட்டால் கணினி முழுமையாக எழவே எழாது. இவற்றில் கைவைத்து மிச்சப்படுத்துவதில் பயனில்லை.

கெர்னலைக் கம்பைல் செய்யாமலே சிற்றுருவின் பாதுகாப்புப் பயனை ஓரளவு பெறவும் வழி உண்டு. வேண்டாத மாட்யூல்களை, மாட்யூல்களை ஏற்றும் கருவியான மாட்ப்ரோப்பின் அமைப்புக் கோப்பில் ஏறவிடாமல் தடுக்கலாம். கணினி முழுமையாகத் துவங்கித் தேவையானவை எல்லாம் ஏறிய பின், 'மாட்யூல்ஸ்_டிசேபிள்டு' என்ற சிஸ்கன்ட்ரோல் மதிப்பை (கெர்னல் ஓடும்போதே மாற்றக்கூடிய மதிப்பை) 1 ஆக்கினால், அடுத்த மறுதுவக்கம் வரை வேறெந்த மாட்யூலும் ஏறாது. சர்வர் ஒன்றைப் பராமரிப்பவருக்கு முழுக் கெர்னலும் இந்த ஒரு வரியும் சேர்ந்தே பல நேரங்களில் போதுமானது.

அமைவைக் காத்துவருதல்

கம்பைல் செய்து முடித்த அன்று எல்லாம் நினைவில் இருக்கும். ஆறு மாதம் கழித்துப் புதிய பதிப்புக்கு மாறும்போது, இந்தத் தெரிவை ஏன் அணைத்தோம் என்பது மறந்திருக்கும். ஆகவே முழு அமைவுக் கோப்பைச் சேமிப்பதோடு நிறுத்தாமல், நீங்கள் மாற்றியவற்றை மட்டும் ஒரு சிறு துண்டுக் கோப்பில் எழுதி, ஒவ்வொன்றின் மேலும் காரணத்தை ஒரு வரிக் குறிப்பாக வையுங்கள். மூலநிரலின் ஸ்கிரிப்ட்ஸ் அடைவுக்குள், கேகான்ஃபிக் உள்ளடைவில் உள்ள 'மெர்ஜ்_கான்ஃபிக்' என்ற கருவி, வழங்கலின் அமைவோடு அந்தத் துண்டை இணைத்துத் தரும். நீங்கள் கேட்டது ஏதேனும் இறுதி அமைவில் நிலைக்கவில்லை என்றால் எச்சரிக்கையும் செய்யும். அந்த எச்சரிக்கைகளை ஒன்றுவிடாமல் வாசியுங்கள். பதிப்பு மாறும்போது 'மேக் லிஸ்ட்நியூகான்ஃபிக்' புதிதாக வந்த தெரிவுகளைக் காட்டும். 'மேக் ஓல்ட்டெஃப்கான்ஃபிக்' அவற்றுக்கு இயல்பு மதிப்புகளை இட்டு நிரப்பும். பழைய அமைவுக்கும் புதியதற்கும் உள்ள வேறுபாட்டை 'டிஃப்கான்ஃபிக்' வரிவரியாகக் காட்டும்.

என் துண்டுக் கோப்பு இப்போது நாற்பது வரிகளுக்குள் அடங்குகிறது. அதில் முதல் வரி, சிபி437 எழுத்துப் பக்கத்தை எம் ஆக்கு என்பது. அதன் மேலுள்ள குறிப்பில் அந்தப் பென்டிரைவைப் பற்றி எழுதிவைத்திருக்கிறேன்.